உத்தரவாதம் தீர்ந்த லாரியும் நமது பேரேடும்

கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுவது நமது உத்தியோகம். மோட்டார் லாரியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நமது உத்தியோகமன்று. ஆயினும் அண்மைக் காலத்தில் லாரி வைத்திருக்கும் சங்கம் எதற்குச் சென்றாலும், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே ஒரே விதமான முறையீடு நம் செவியில் விழுகிறது. "உத்தரவாதம் முடிந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. அதற்குள் லட்சக்கணக்கில் ரிப்பேர் வந்துவிட்டது. கம்பெனியார் கையை விரித்துவிட்டனர். சங்கம் என்ன செய்யும்?" என்று காரியதரிசிகள் கேட்கின்றனர். இவ்விஷயத்தில் நமக்குள்ள அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அந்த அபிப்பிராயம் உருவானதில் நமது தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

ஈரோட்டு வட்டாரத்தில் மஞ்சளும் பருத்தியும் பயிரிடுவோரின் சங்கம் ஒன்று. பெயர் வேண்டா. இருபது லட்சம் ரூபாய்க்கு லாரி ஒன்றை வாங்கி, விளைபொருளை ஏலக் களத்துக்கு ஏற்றிச் செல்வதற்கு வைத்திருந்தது. திரும்பி வரும்போது வண்டி வெறுமையாக வராமல், அண்டையிலுள்ள நெசவாளர் சங்கத்துக்கு நூல் சிப்பங்களை வாடகைக்கு ஏற்றி வந்தது. இரு சங்கங்களுக்கும் இது அனுகூலமான ஏற்பாடு. மூன்றாண்டுகள் வண்டி யாதொரு குறையுமின்றி ஓடிற்று.

பிறகு ஒருநாள், பாதி வழியில் வண்டி இழுக்க மறுத்துவிட்டது. இயந்திரம் ஓடுகிறது, விளக்குப் பலகையில் எச்சரிக்கை எரிகிறது, ஆனால் மேட்டில் ஏறவில்லை. கட்டி இழுத்துக் கம்பெனிப் பட்டறையில் விட்டனர். அவர்கள் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, புகைபோக்கியைச் சேர்ந்த சுத்திகரிப்பு அமைப்பு முழுவதும் கெட்டுவிட்டது, 2,78,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தனர். நெசவாளர் சங்கத்தில் நூல் வரத்து நின்றது. வெளி லாரி பிடிக்கும் வரை சில தறிகளில் பாவு இருந்தும் ஊடைநூல் இல்லாமல் நெசவாளிகள் பத்து நாள் கூலியை இழந்தனர். லாரி தங்கள் சங்கத்துடையதல்ல என்பதால் கேள்வி கேட்கவும் அவர்களுக்கு வழியில்லை.

அவசரக் கூட்டத்துக்கு நம்மையும் அழைத்திருந்தனர். வண்டியை அப்படியே தள்ளிவிட வேண்டும் என்றனர் சிலர். இவ்வளவு செலவழித்து வாங்கியதை விடக்கூடாது, எப்படியேனும் செப்பனிட வேண்டும் என்றனர் சிலர். மூன்றாவதாக ஓர் அங்கத்தினர் எழுந்து, சுத்திகரிப்பு அமைப்பையே கழற்றி எறிந்துவிட்டு, அது இருப்பதாக இயந்திரத்தை ஏமாற்றும் ஒரு சிறு பெட்டியை வைத்துவிடலாம், இருபத்தையாயிரத்தில் காரியம் முடியும் என்றார். இந்தக் கடைசி யோசனைக்கே கைதட்டல் அதிகம். எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: மூன்று மாதம் முன்னால் கெட்டிருந்தால் கம்பெனி ஏற்றிருக்கும், சங்கத்தின் காலக்கோளாறு.

நாம் ரொக்கப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். டீசல் கொள்முதல் மாதந்தோறும் ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது லிட்டர் என்று ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. அதனருகில் டி.இ.எப். என்ற தலைப்பில் மாதம் ஒரு வாளியோ இரண்டு வாளியோ வாங்கியதாக இருந்த பதிவு, ஏழு மாதங்களுக்கு முன் திடீரென்று நின்றுபோயிருந்தது.

அந்த இடத்தில் பென்சிலை வைத்தபடி நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். ஏனெனில், நான்கு மாதங்களுக்கு முன் அதே புத்தகத்தை அதே மேசைமேல் வைத்துப் பார்த்தவர்கள் நாமே. 'வாகனச் செலவினம் குறைந்திருப்பது பாராட்டத்தக்கது' என்று ஆய்வுக்குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டவர்களும் நாமே. அப்பாராட்டைச் சங்கத்தார் நிர்வாகக் குழுவில் வாசித்துப் பதிவும் செய்திருந்தனர்.

டி.இ.எப். என்பது என்ன என்று அறியாத அங்கத்தினர்களுக்காகச் சிறிது விளக்குகிறோம். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. டீசல் லாரியின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் போக்குவதற்காக, நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியாவும் மீதி உப்பு நீக்கிய நீருமான ஒரு திரவத்தைச் சூடான புகையில் தெளிக்கின்றனர். யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. அது வினையூக்கி அடுக்கின்மேல் நச்சுப் புகையுடன் கலந்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றி வெளியே விடுகிறது. நூறு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ நான்கைந்து லிட்டர் செலவாகும். திரவம் தீர்ந்தாலோ, அமைப்பு பழுதுபட்டாலோ, இயந்திரம் தானாகவே தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும். நம் வண்டி மேட்டில் ஏறாமல் நின்றதற்குக் காரணம் அதுவே.

விளைவிப்போர் சங்கத்தில் யூரியாவுக்குப் பஞ்சம் ஏது? கிடங்கு நிறைய 45 கிலோ மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. 'கடையில் விற்பதும் யூரியாத் தண்ணீர்தானே' என்ற எண்ணம் யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஒரு பங்கு யூரியாவுக்கு இரண்டு பங்கு குழாய்க்கிணற்றுத் தண்ணீர் என்று நிறுத்துக் கலந்து, துணியில் வடிகட்டி, தொட்டியில் ஊற்றி வந்தனர். ஏழு மாதங்களில் மிஞ்சியது எட்டு வாளியின் விலை; பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட தொகை.

வயலுக்கான யூரியா வேறு, வண்டிக்கான யூரியா வேறு. 2015 முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் வேளாண் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. மண்ணில் மெதுவாகக் கரையட்டும் என்பதற்கும், ஆலைகளுக்குக் கடத்தப்படாமல் இருக்கட்டும் என்பதற்கும் செய்த ஏற்பாடு அது. அந்த எண்ணெயும், உர யூரியாவில் கூடுதலாக இருக்கும் பையூரெட் என்னும் பொருளும் தெளிப்பு முனையை அடைத்துக் கல்லாக இறுகும். நம் பக்கத்துக் குழாய்க்கிணற்று நீரின் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுப் பானையின் அடியிலே படிவது வினையூக்கி அடுக்கின் நுண்துளைகளிலும் படியும். தெளிப்பு முனையைக் கழுவிவிடலாம். உப்பேறிய வினையூக்கியைக் கழுவி மீட்பது அரிது. இது தவிர, மானிய விலையில் வரும் உரத்தைப் பயிருக்கன்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமுமாகும். உர விற்பனை உரிமம் பெற்ற சங்கமே இதைச் செய்தால், உரிமத்துக்கே ஆபத்து என்பதைக் கூட்டத்தில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே, உத்தரவாதம் இன்னும் ஓராண்டு இருந்திருந்தாலும் இந்தப் பழுதுக்குக் கம்பெனி ஒரு ரூபாயும் தந்திராது. தவறான திரவம் ஊற்றியதால் வந்த கேட்டை எந்த உத்தரவாதப் பத்திரமும் ஏற்பதில்லை. அந்தப் பத்திரத்தை யாராவது படித்தார்களா என்று கேட்டோம். இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற பதில் கிடைத்தது. உறை பிரிக்கப்படாமலே இருந்தது.

உத்தரவாதப் பத்திரத்தைப் பெட்டியில் வைப்பதைவிடப் படிப்பது மேல். இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு எல்லை போட்டிருப்பார்கள். எது முந்துகிறதோ அதுவே எல்லை. கிளட்ச் தட்டு, பிரேக் லைனிங், ரப்பர்க் குழாய், பெல்ட் ஆகியவை தேயும் பொருள்கள் என்று விலக்கப்பட்டிருக்கும். டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்களின் உத்தரவாதம் தனி. கலப்பட டீசலால் கெடும் இஞ்செக்டருக்குப் பொறுப்பில்லை என்றும் இருக்கும். உத்தரவாதத்தின் கடைசி மாதத்தில் வண்டியைக் கம்பெனிப் பட்டறையில் விட்டு முழுச் சோதனை செய்வித்து, ஓட்டுநர் கூறும் ஒவ்வொரு குறையையும், சிறு சத்தமாயினும் சரி, ஜாப் கார்டில் எழுதுவித்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். அக்குறை பின்னால் பெரிதானால், காலத்துக்குள் அறிவித்தோம் என்பதற்கு அந்தக் காகிதம் ஒன்றே சாட்சி. சர்வீஸ் பதிவு இடைவெளியின்றி இருந்தால், காலம் சற்றுத் தாண்டியபின்னும் சில கம்பெனியார் தயவின் பேரில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. அது அவர்கள் மனத்தைப் பொறுத்தது; வாயால் கேட்காமல் எழுத்தில் கேட்க வேண்டும்.

வழக்கு மன்றத்தை நம்பி இருக்கலாகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூட்டுறவுச் சங்கத்தையும் 'நபர்' என்று ஏற்கிறது. ஆனால் வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. லாரியை வாடகைக்கு ஓட்டிய சங்கம் முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி, கம்பெனியையும் ஓட்டுநரையும் விட்டுவிட்டு, நமது பேரேட்டுக்கு வருவோம்; நம்மால் மாற்றக்கூடியது அங்கேதான் இருக்கிறது. இச்சங்கம் லாரிக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 15 வீதம் தேய்மானம் எழுதி வந்தது. முதலாண்டு 3,00,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 2,55,000. மூன்றாம் ஆண்டு 2,16,750. ஆக மூன்றாண்டில் 7,71,750 ரூபாய் தேய்ந்ததாகப் புத்தகம் கூறுகிறது. லாரியின் புத்தக மதிப்பு 12,28,250. கூட்டலிலும் கழித்தலிலும் பிழையில்லை. அந்த 7,71,750 ரூபாய் எங்கே என்று கேட்டோம். காரியதரிசி, "தேய்மானக் கணக்கில் இருக்கிறது ஐயா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எண் அங்கேதான் இருந்தது. ரொக்கந்தான் எங்கும் இல்லை.

தேய்மானம் எழுதும்போது லாபம் அவ்வளவுக்குக் குறைகிறது. ஆனால் பெட்டியிலுள்ள ரொக்கம் குறைவதில்லை. அந்த ரொக்கத்தைத் தனியே எடுத்து மத்திய கூட்டுறவு வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டால்தான் தேய்மானம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. இச்சங்கத்தில் அது கிடங்கு வெள்ளையடிப்பிலும், உர முன்பணத்திலும், விழாச் செலவிலும் கரைந்திருந்தது. இதற்கும் மேலாக, லாரி புதிதாக இருந்து ரிப்பேரே வராத மூன்றாண்டுகளில் போக்குவரத்துப் பிரிவு நல்ல லாபம் காட்டியது. அதை வைத்து மஞ்சள் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று போனஸும் வழங்கியிருந்தனர். புது வண்டியின் லாபம் உண்மையான லாபமன்று. வரப்போகும் ரிப்பேரின் ஒரு பகுதி அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. உத்தரவாதக் காலத்தைச் சங்கத்தார் செலவில்லாக் காலம் என்று எண்ணினர். சேமிப்பதற்குக் கிடைத்த அவகாசம் என்று எண்ணியிருக்க வேண்டும்.

ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி அது. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய் வீதம் டிரிப் ஷீட்டைப் பார்த்து மாதந்தோறும் ஒதுக்கியிருந்தால், மூன்றாண்டில் 2,40,000 ரூபாய் வங்கியில் இருந்திருக்கும். குவிண்டாலுக்குக் கொடுத்த போனஸில் ஒரு சிறு தொகை குறைந்திருக்கும், அவ்வளவே. இந்த ரிப்பேர் நிதி புதிய லாரி வாங்குவதற்கான தேய்மான வைப்பினின்றும் வேறாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்குச் செலவிடலாம் என்று விட்டால் இரண்டும் மிஞ்சா.

செப்பனிடுவதா, விற்பதா என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். 'இருபது லட்சம் போட்டிருக்கிறோமே' என்பது ஒரு கணக்கு. போட்ட இருபது லட்சம் போட்டதுதான். இன்று எந்த வழியை எடுத்தாலும் அது திரும்பாது. கேட்க வேண்டியது வேறு: இன்றுள்ள நிலையில் வண்டி என்ன விலைக்குப் போகும், செப்பனிட்டபின் என்ன விலைக்குப் போகும், அந்த வித்தியாசம் ரிப்பேர்ச் செலவைவிடக் கூடுதலா? வியாபாரிகள் இருவரை வரவழைத்துக் கேட்டதில், நின்ற நிலையில் எட்டு லட்சம், ஓடும் நிலையில் பதினொரு லட்சம் என்றனர். அத்துடன் லாரி இல்லாத மாதங்களில் வெளி வாடகைக்கு ஆகும் தொகையையும் வைத்துப் பார்த்ததில், செப்பனிடுவதே சரி என்று தெரிந்தது. எட்டு, ஒன்பது ஆண்டு ஓடிய வண்டியாயிருந்தால் விடை மாறியிருக்கலாம். எட்டாண்டு கடந்தபின் தகுதிச் சான்றுக்கு ஆண்டுதோறும் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். அப்போது ஒரு ரிப்பேர் மற்றொன்றை அழைத்து வரும்.

புகைச் சுத்திகரிப்பைக் கழற்றி எறியும் யோசனையை நாம் கடுமையாக மறுத்தோம். அது சட்டவிரோதம் என்பதோடு, அந்த லாரி நாள்தோறும் நின்று சரக்கு இறக்குவது அங்கத்தினர்களின் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் எதிரில் என்பதையும் நினைவூட்டினோம். கைதட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதல் மதிப்பீட்டை அப்படியே ஏற்காமல், ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடுகளை எழுத்தில் வாங்கி, சங்ககிரிப் பக்கத்திலுள்ள வேறொரு பட்டறையிலும் காட்டச் செய்தோம். லாரித் தொழிலையே உயிராகக் கொண்ட ஊர்கள் அருகில் இருக்கையில் ஒரே இடத்து வார்த்தையை ஏன் வேதமாகக் கொள்ள வேண்டும்? உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிட்டாமல் தடுத்தமைக்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் கார் உற்பத்தியாளர் பதினால்வர்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததும், அது மேல்முறையீட்டுக்குச் சென்றதும் வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்தச் சிக்கல் லாரிக்காரர்களும் அறிந்ததே. வெளிப் பட்டறையார் தொட்டியையும் பம்பையும் கழுவிச் சோதித்துப் பம்பு பிழைக்கும் என்றனர். வினையூக்கி பிழைக்காது என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டனர். முடிவில் 2,41,600 ரூபாய் ஆயிற்று. 36,400 ரூபாய் மிஞ்சியது. பெரிய தொகையன்று, ஒரு நாள் பிரயாணத்துக்கு நல்ல கூலி. கழற்றிய பழைய பாகங்களைச் சங்கத்துக்குத் திருப்பித் தரவேண்டும் என்றும், புதிய பாகத்துக்குரிய தனி உத்தரவாதத்தைப் பில்லிலேயே எழுத வேண்டும் என்றும் முன்னதாகப் பேசிக்கொண்டோம்.

ரிப்பேருக்கு முன் காரணத்தைக் களைய வேண்டும் என்பதையும் அந்தப் பட்டறையில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கற்றோம். டர்போ எரிந்துபோன வண்டிக்குப் புது டர்போ மாட்டி அனுப்புவார்கள். எண்ணெய் வரும் மெல்லிய குழாய் கரியடைத்துக் கிடப்பதைப் பார்க்க மாட்டார்கள். புது டர்போவும் எண்ணெயின்றி எரியும் என்றார். நம் வண்டியிலும் தொட்டியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு இருந்தது. அதைக் கழுவாமல் புது வினையூக்கியைப் பொருத்தியிருந்தால் மறுபடியும் இதே கதை.

பணத்துக்கு வழி கண்டதில் கூட்டுறவின் நற்குணம் ஒன்றைக் கண்டோம். பத்து நாள் கூலியை இழந்த அந்த நெசவாளர் சங்கமே, ஓராண்டு வாடகையில் கழித்துக்கொள்வதாக 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தது. எஞ்சியதற்கு இவ்வாண்டுப் போனஸை நிறுத்தி வைப்பதென்று தீர்மானமாயிற்று. அடுத்த முறை வாகன விஷயம் பேசும் கூட்டத்துக்கு நெசவாளர் சங்கத்தார் ஒருவரைப் பார்வையாளராக அழைப்பதென்றும் முடிவு செய்தனர். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒரு தீர்மானத்தை மட்டும் நாம் நிறுத்தி வைக்கச் சொன்னோம். இழப்பு முழுவதையும் ஓட்டுநரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிப்பதென்று நிர்வாகக் குழு எழுதியிருந்தது. ஓட்டுநரைத் தனியே விசாரித்தோம். "வாளிக்குப் பணம் கேட்டபோதெல்லாம், கிடங்கில் யூரியா இருக்கிறதே என்று சொன்னார்கள் ஐயா. விளக்கு எரிகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். வண்டி ஓடுகிறதல்லவா என்றார்கள்" என்றார் அவர். யார் சொன்னார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் ஒன்றுமில்லை. கிடங்கு இருப்புப் புத்தகத்தில் ஏழு மாதமும் யூரியா மூட்டை 'சிதறல்' என்று கழிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கங்களில் ஓட்டுநரின் கையொப்பம் இல்லை. மாதம் பதினைந்தாயிரத்துக்குள் சம்பளம் வாங்குபவரிடம் இரண்டே கால் லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைப் பிடிப்பது என்பது, கையொப்பமிட்டவர்களை விட்டுவிட்டுக் கைகட்டி நின்றவரைத் தண்டிப்பதாகும். பொறுப்பை நிர்ணயிப்பதற்கு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் தண்டத்தீர்வை முறை உண்டு. அதில் நிர்வாகிகளுக்கும் பதில் சொல்லும் கடமை உண்டு. சம்பளப் பிடித்தம் என்னும் குறுக்கு வழி அதற்காகத்தான் பிடித்திருக்கிறதோ என்ற ஐயமும் நமக்கு எழுந்தது. எழுதியவர்கள் கோபிக்கக் கூடும், கோபிக்கட்டும்.

நமது ஆய்வுக்குறிப்பிலிருந்த பாராட்டு வாசகத்தை ரத்து செய்து, காரணத்தையும் எழுதி, மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டோம். லாரி இப்போது ஓடுகிறது. டிரிப் ஷீட்டில் டீசல் கட்டத்துக்கு அடுத்ததாக டி.இ.எப். கட்டம் ஒன்றும், அதற்கடுத்து எச்சரிக்கை விளக்குப் பற்றி ஓட்டுநர் எழுதுவதற்கு ஒரு கட்டமும் போடச் செய்திருக்கிறோம். அந்தக் கட்டத்தில் ஓட்டுநர் எழுதினால் காரியதரிசி அன்றைக்கே அதன்கீழ் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சென்ற வாரம் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தோம். 'இடது பின்சக்கரத்தில் சத்தம்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதன்கீழ் பதிலுக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது. காரியதரிசி வரும் வரை அங்கேயே காத்திருந்தோம்.